கேட்கவில்லை என்றால், யார்?

ஆங்கில நாளிதழ்களைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு ‘அன்ஹீடட்’ என்ற சொல் பழகியிருக்கும். ஒரு பாலம் இடியும். ஒரு மலை சரியும். ஒரு பட்டாசு ஆலை வெடிக்கும். மறுநாள் தலைப்பில் ‘அன்ஹீடட் வார்னிங்’ என்ற இரண்டு சொற்கள் வந்து நிற்கும். யாரோ முன்பே சொல்லியிருந்தார்கள், அது கவனிக்கப்படவில்லை என்பது பொருள். எச்சரிக்கைக்கு மட்டுமன்றி வேண்டுகோளுக்கும் முறையீட்டுக்கும் இதே அடைமொழிதான். தமிழில் நாமும் ‘கவனிக்கப்படாத’, ‘பொருட்படுத்தப்படாத’, ‘செவிமடுக்கப்படாத’ என்று எழுதி வேலையை முடித்துக்கொள்கிறோம். பல ஆண்டுகள் நானும் அப்படித்தான் மொழிபெயர்த்து வந்தேன். அண்மையில் அந்தச் சொல்லின்மீது எனக்கு ஓர் ஐயம் ஏற்பட்டது. அது வந்த வழியை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நாமக்கல் மாவட்டத்தில் திருமணிமுத்தாற்றின் கரையோரம் என் தாய்மாமன் ஊர். சேர்வராயன் மலைப் பக்கம் பிறந்து, சேலம் நகரின் நடுவே நுழைந்து வெளியேறி, சமவெளியில் இறங்கிக் காவிரியில் கலக்கிற சிற்றாறு அது. பெயரில் மணியும் முத்தும் இருக்கின்றன. நீரில் நகரத்துச் சாக்கடையும் சாயமும் இருக்கின்றன. மழைக்காலத்தில் நுரை பொங்கிப் பாலத்தைத் தொடும். ஆற்றோரக் கிணறுகளில் தண்ணீர் நிறம் மாறி இரண்டு தலைமுறை ஆகிவிட்டது. குச்சிக்கிழங்கு தாங்குகிறது, தென்னை தாங்குகிறது. மாடு குடிக்க மறுக்கிறது. ஊரார் ஓர் அலுவலகத்துக்கு நான்கு முறை மனுக் கொடுத்திருக்கிறார்கள். எதற்கும் பதிலில்லை. ஐந்தாவது மனுவை இங்கிலீஷில் எழுதினால்தான் மதிப்பு என்று யாரோ சொல்லிவிட, அந்தப் பொறுப்பு என்னிடம் வந்து சேர்ந்தது. (இந்த நம்பிக்கையைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுதலாம். எழுதப்போவதில்லை, எனக்கும் அந்த நம்பிக்கை ஓரளவு உண்டு.)

எழுதினேன். ‘எங்களுடைய முந்தைய நான்கு முறையீடுகளும் அன்ஹீடட் ஆகவே இருந்து வருகின்றன’ என்பது அதில் மையமான வரி. எழுதும்போது அதன் கம்பீரம் எனக்கே பிடித்திருந்தது. ஊர்ச் சாவடியில் உட்கார்ந்து வரி வரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். இந்த வரி வந்ததும், எண்பதைத் தாண்டிய பெரியவர் ஒருவர், வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு கேட்டார்:

“ஏந் தம்பி, யாரு கேக்கலைன்னு அதுல இருக்குதுங்களா?”

இல்லை என்றேன்.

“அப்புறம் எதுக்குங்க அந்த வார்த்தை? மனு தானாப் போயித் தானா உக்காந்துக்கிட்டாப்ல இருக்குது.”

சாவடியில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் அவர் சொன்னது ஓர் இலக்கணக் குறிப்பு என்பது உறைத்தது.

ஒரு பெயரடை எதன்மீது ஒட்டுகிறதோ அதன் குணமாகவே தோன்றத் தொடங்கிவிடும். சிவந்த மண், உப்புக் கிணறு, பழைய வழக்கு என்பன போல, ‘கவனிக்கப்படாத எச்சரிக்கை’ என்று சொன்னவுடன் கவனிக்கப்படாமை என்பது எச்சரிக்கையின் நிறமாகவோ பிறவிக் குறையாகவோ ஆகிவிடுகிறது. கவனிக்காத மனிதர், அவருடைய நாற்காலி, அவர் மேசைக்கு அது வந்த தேதி எல்லாம் சொற்றொடரை விட்டு எழுந்து போய்விடுகின்றன. ஆங்கிலம் அறிந்தே செய்கிற சூழ்ச்சி இது என்று சொல்லவில்லை. அந்த மொழியின் அமைப்பு அதற்கு வழிவிடுகிறது. செய்தித்தாளின் தலைப்புக்கு அது வசதியாகவும் இருக்கிறது. வழக்குப் போடும் அளவுக்கு எவர் பெயரும் அதில் இல்லை அல்லவா?

‘ஹீட்’ என்ற வினையின் வேர் காதைச் சேர்ந்ததன்று என்பதையும் சொல்ல வேண்டும். பழைய ஆங்கிலத்தில் அதற்குக் காத்தல், கருத்தாகப் பார்த்துக்கொள்ளுதல் என்று பொருள். ஜெர்மன் மொழியில் ஆடுமாடு மேய்த்துக் காப்பதற்கு வழங்கும் ‘ஹ்யூட்டன்’ என்ற வினை அதற்கு உறவு. ஆகவே ‘அன்ஹீடட்’ என்றால், நேர்பொருளில், யாரும் பொறுப்பேற்றுக் காக்காத, மேய்ப்பனில்லாத சொல். நம் மொழியில் ‘பேணாத’ என்பது இதற்கு அருகில் வரும். ஆனால் ‘பேணாத எச்சரிக்கை’ என்று எழுதினால் வாசகர் நம்மை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்.

தமிழில் இந்த இடத்துக்கு இயல்பாக வரும் வினை ‘கேள்’. இது ஒரு விந்தையான வினை. ஒலி காதில் விழுவதும் கேட்டல், வினவுவதும் கேட்டல், வேண்டுவதும் கேட்டல், சொன்னபடி நடப்பதும் கேட்டல். ‘பையன் சொன்னால் கேட்பான்’ என்று எந்தத் தாயும் மகனின் செவித்திறனைப் பற்றிச் சொல்வதில்லை. திருக்குறளில் ‘கேள்வி’ என்றே ஓர் அதிகாரம் இருக்கிறது. அது வினாவைப் பற்றியதன்று, செவிவழி அறிவு பெறுவதைப் பற்றியது. இத்தனை பொருளையும் ஒரே வினை சுமப்பதால், ‘கேட்கப்படாத எச்சரிக்கை’ என்று எழுதினால் அது யாரும் தங்களிடம் கேட்டுவாங்காத எச்சரிக்கை என்றும் பொருள்பட்டுவிடும். அலுவலகத்தில் இருப்பவர் அந்தப் பொருளைத்தான் விரும்புவார். ‘நாங்கள் கேட்டோமா?’

மாறாக, ஆளைச் சேர்த்துச் சொன்னால் குழப்பமே எழுவதில்லை. ‘அவர் கேட்கவில்லை’, ‘காதில் வாங்கவில்லை’, ‘காதில் போட்டுக்கொள்ளவில்லை’, ‘செவிசாய்க்கவில்லை’. எல்லாவற்றிலும் ஒரு காது இருக்கிறது. காது இருந்தால் அதற்கு உரியவர் ஒருவர் இருந்தாக வேண்டும். கொங்குப் பேச்சில் இது இன்னும் கூர்மை. ‘சொல்லிப்போட்டேன், அவன் கேக்கறாப்ல இல்லை’ என்பார்கள். சொன்னவன் ஒருவன், கேளாதவன் ஒருவன். இருவரும் ஒரே வாக்கியத்துக்குள் எதிரெதிரே நிற்கிறார்கள். தமிழில் ‘அன்ஹீடட்’ என்பதற்கு ஒரு நறுக்கான பெயரடை இல்லையே என்று மொழிபெயர்ப்பாளர்கள் குறைப்பட்டுக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன், நானும் குறைப்பட்டிருக்கிறேன். இப்போது அந்த இல்லாமை எனக்குக் குறையாகத் தோன்றவில்லை.

பழமொழிகளிலும் இது தெரிகிறது. ‘செவிடன் காதில் ஊதிய சங்கு’ என்பதை இன்று நான் பயன்படுத்துவதில்லை. காது கேளாத மனிதருக்கு அது இழைக்கும் அநீதி ஒருபுறம் இருக்க, காது நன்றாகக் கேட்கிறவரை அது தப்பிக்கவும் விடுகிறது. ‘எருமைமேல் மழை’ பரவாயில்லை, ஆனால் எருமை பாவம். மிகச் சரியான சொல் வேறொன்று: ‘ஏழை சொல் அம்பலம் ஏறாது.’ இதில்தான் செய்தி முழுதாக இருக்கிறது. யாருடைய சொல், எந்த இடத்தில் ஏறவில்லை என்ற இரண்டையும் அது சொல்லிவிடுகிறது. எச்சரிக்கை புறக்கணிக்கப்படுவது ஒன்று, முறையீடு புறக்கணிக்கப்படுவது வேறொன்று. எச்சரிக்கையை அலட்சியத்தால் தள்ளுவார்கள். முறையீட்டைச் சொன்னவரின் தகுதியைப் பார்த்துத் தள்ளுவார்கள். ஆங்கிலப் பெயரடை இரண்டையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிடுகிறது.

இந்த மண்ணிலிருந்து எழுந்த மிகப் புகழ்பெற்ற ‘கேட்கப்படாத வேண்டுகோள்’ ஒன்றை வைத்து இதைப் பார்க்கலாம். ராஜாஜியின் வேண்டுகோளைச் சொல்கிறேன்.

ராஜாஜி இங்கே பொருந்துவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் என்ன சொல்வது என்ற கவலையை இந்த வட்டாரத்தில் முதலில் முறையாகப் பட்டவர்களில் அவர் ஒருவர். சேலத்தில் வழக்கறிஞராக இருந்த காலத்தில், 1916-ல், தமிழில் அறிவியற் கலைச்சொற்களை ஆக்குவதற்கென்றே ஒரு சங்கம் தொடங்கினார். தாவரவியல், வேதியியல், இயற்பியல், வானியல், கணிதம் என்று பட்டியல் போட்டுச் சொல் தேடினார்கள். பின்னாளில் ‘திண்ணை ரசாயனம்’ எழுதியவர் அல்லவா! 1917 முதல் 1919 வரை சேலம் நகராட்சித் தலைவராகவும் இருந்தார். 1925-ல் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் அமைத்துக் கதரையும் மதுவிலக்கையும் கையிலெடுத்தார். ‘விமோசனம்’ என்ற மதுவிலக்கு இதழ் அங்கிருந்துதான் வந்தது. கல்கி அதில் துணையாக இருந்தார். 1937-ல் சென்னை மாகாணப் பிரதமரானபோது, மதுவிலக்கை முதன்முதலாக நடைமுறைப்படுத்தத் தேர்ந்தெடுத்தது சேலம் மாவட்டத்தைத்தான். 1937 அக்டோபர் 1. அன்றைய சேலம் மாவட்டம் என்பது இன்றைய நாமக்கல்லும் தருமபுரியும் கிருஷ்ணகிரியும் சேர்ந்தது. இழந்த கலால் வருமானத்தை ஈடுகட்ட 1939-ல் விற்பனை வரி கொண்டுவந்தார். இன்று நாம் கடையில் கட்டும் வரிக்கு முன்னோடியான அந்த வரி, சேலத்துக் கள்ளுக்கடைகளை மூடியதன் பக்கவிளைவு என்பது பலருக்கு வியப்பாக இருக்கும்.

சாவடிப் பெரியவரிடம் இதைச் சொன்னபோது, “கள்ளுக்கடை மூடுன வருசந்தான் எங்கம்மாளுக்குக் கால்ல வெள்ளி ஏறுச்சுன்னு சொல்லும்” என்றார். புள்ளிவிவரம் எதுவும் அந்த அளவுக்கு எனக்கு விளக்கியதில்லை.

மாகாணம் முழுவதற்கும் மதுவிலக்கு 1948-ல் வந்தது. 1971-ல் அன்றைய முதலமைச்சர் கருணாநிதி அதை விலக்க முடிவு செய்தார். ராஜாஜிக்கு அப்போது வயது 92. கொட்டும் மழையில் முதல்வரின் இல்லத்துக்கே சென்று, வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார் என்பது மதுவிலக்கு மேடைகளில் அரைநூற்றாண்டாகச் சொல்லப்பட்டுவரும் காட்சி. 1971 ஆகஸ்ட் 30 அன்று மதுவிலக்கு தளர்த்தப்பட்டது. அடுத்த ஆண்டு டிசம்பர் 25-ல் ராஜாஜி காலமானார்.

இதைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதுபவர் கையில் ‘அன்ஹீடட்’ தானாகவே வந்து அமரும். சரி, தமிழில் ஆளைச் சேர்த்துச் சொல்லிப் பார்ப்போம். ‘கருணாநிதி கேட்கவில்லை.’ இப்படி எழுதியவுடனே அடுத்த கேள்வி எழுகிறது: ஏன் கேட்கவில்லை? அவர் காரணம் சொல்லியிருந்தார். புதிதாக மதுவிலக்குக் கொண்டுவரும் மாநிலங்களுக்கு நடுவண் அரசு மானியம் தருவதாகச் சொன்னது. ஏற்கெனவே அதைக் கடைப்பிடித்து வருமானத்தை இழந்துவந்த தமிழ்நாட்டுக்கு அது இல்லை. சுற்றியிருந்த மாநிலங்களில் மது ஓடிக்கொண்டிருந்தது. இவை போதுமான காரணங்களா என்பதில் எனக்கு ஐயமுண்டு. போதாது என்பதே என் கருத்து. ஆனால் அவை காரணங்கள். முதியவரின் வேண்டுகோள் காதில் விழுந்தது, மறுக்கப்பட்டது. காதிலேயே விழாமல் போனதற்கும் இதற்கும் வேறுபாடு உண்டு. பின்னர் அதே முதல்வர் 1973-ல் கள்ளுக்கடைகளையும் 1974-ல் சாராயக்கடைகளையும் மூடவும் செய்தார். எம்.ஜி.ஆர். ஆட்சியில் 1981-ல் மீண்டும் திறந்தார்கள்; 1983-ல் டாஸ்மாக் நிறுவனம் பிறந்தது; 2003-ல் சில்லறைக் கடையையும் அரசே நடத்தத் தொடங்கியது. ஆக, கேட்காதவர் பட்டியலில் ஒருவர் பெயர் மட்டும் இல்லை. எல்லாக் கட்சியினருக்கும் அதில் இடமுண்டு. ‘ராஜாஜியின் அன்ஹீடட் வேண்டுகோள்’ என்ற மூன்று சொற்களுக்குள் இவ்வளவும் புதைந்துபோகிறது. ஆளைச் சொல்லத் தொடங்கினால் வழக்கு விரிகிறது, சாட்சிகள் வருகிறார்கள், குற்றம் பங்கு பிரிகிறது.

இன்னொன்றும் வெளியே வருகிறது. அதைச் சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரை நேர்மையற்றதாகிவிடும். சேலத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்த அதே அமைச்சரவைதான் 1938 ஏப்ரலில் 125 பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியது. வேண்டாம் என்று தமிழறிஞர்கள் சொன்னார்கள், பெரியார் சொன்னார், தெருவில் நின்று பெண்கள் சொன்னார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் சிறை சென்றனர். சிறைப்பட்ட நடராசனும் தாளமுத்துவும் 1939-ல் உயிரிழந்தனர். ராஜாஜி கேட்கவில்லை. காங்கிரஸ் அமைச்சரவை விலகிய பிறகு, 1940 பிப்ரவரியில் ஆளுநர்தான் அந்த ஆணையைத் திரும்பப் பெற்றார். 1953-ல் மறுபடியும், அரைநாள் பள்ளி, அரைநாள் குடும்பத் தொழில் என்ற புதிய கல்வித் திட்டம். குலக்கல்வி என்று நாடே எதிர்த்தது. சொந்தக் கட்சிக்காரர்களே எதிர்த்தார்கள். அப்போதும் ராஜாஜி கேட்கவில்லை. 1954 ஏப்ரலில் பதவி விலகினார். காமராசர் வந்து திட்டத்தைக் கைவிட்டார்.

கேட்க மறுத்தவரே முதுமையில் கேட்பாரற்று நிற்கிறார். இதை ஊழ்வினை என்று எளிதாகச் சொல்லிவிடலாம். நான் அப்படிப் பார்க்கவில்லை. மதுவிலக்கைப் பற்றி அவர் சொன்னது, இந்தியைப் பற்றி அவர் கேளாமல் போனதால் பொய்யாகிவிடாது. பெயரடையை எடுத்துவிட்டு வினையை வைத்தால் ஒரே மனிதர் இரண்டு வாக்கியங்களிலும் வருகிறார் என்பதை மட்டும் குறித்துக்கொள்கிறேன். ஒன்றில் சொன்னவர்; மற்றதில் கேளாதவர்.

பழைய இலக்கியம் இந்த விஷயத்தில் மிகுந்த கவனத்தோடு நடந்துகொள்கிறது. மனைவி கண்ணகியைப் பிரிந்து வாழ்ந்த பேகனிடம் கபிலர், பரணர் முதலான நான்கு புலவர்கள் அவளுக்காகச் சென்று முறையிட்டார்கள். புறநானூற்றில் ஐந்து பாடல்கள் இருக்கின்றன. பரிசில் வேண்டாம், அவளிடம் திரும்பிப் போ என்பதுதான் அவற்றின் வேண்டுகோள். பேகன் போனானா? பாடல்கள் சொல்வதில்லை. தகடூரிலிருந்து, அதாவது இன்றைய தருமபுரியிலிருந்து, அதியமானுக்காக ஔவையார் தொண்டைமானிடம் தூது சென்றார். அவன் படைக்கொட்டிலைப் பார்த்து அவர் பாடியதும் புறநானூற்றில் உண்டு. அவன் கேட்டானா என்று அங்கும் இல்லை. சொல்ல வேண்டியவர் சொன்னார், சொல்லப்பட்டவர் இன்னார், சொன்ன இடம் இது. அதோடு விட்டுவிடுகிறார்கள். முடிவைப் பெயரடையாக்கி முறையீட்டின் நெற்றியில் ஒட்டும் அவசரம் அவர்களுக்கு இல்லை. கம்பனில் வீடணன் சொன்னதும் கும்பகருணன் சொன்னதும் ராவணன் கேளாமையால்தான் வீணாயின. அங்கே எச்சரிக்கையை யாரும் குறைசொல்வதில்லை. செவிக்குக் கசந்தாலும் சொல்லைப் பொறுக்கும் பண்பை வேந்தனுக்கு வைத்த வள்ளுவரும், பாரத்தைக் கேட்பவன் தலையில்தான் ஏற்றுகிறார்.

நம் காலத்துக்கு வருவோம். 2024 ஜூலை 30 அன்று வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலைப் பகுதிகள் மண்ணோடு போனபோது, மாதவ் காட்கில் தலைமையிலான குழு 2011-ல் கொடுத்த மேற்குத்தொடர்ச்சி மலை அறிக்கையைப் பத்திரிகைகள் நினைவுகூர்ந்தன. கூடவே அந்தப் பெயரடையும் வந்தது. ஆனால் அந்த அறிக்கை யாரும் படிக்காமல் கிடந்ததா? மாநில அரசுகள் படித்தன, எதிர்த்தன. நடுவண் அரசு படித்தது; 2012-ல் கஸ்தூரிரங்கன் தலைமையில் இன்னொரு குழு அமைத்தது. அந்தக் குழு காக்கவேண்டிய பரப்பைக் குறைத்துக்கொண்டது. அதற்கும் எதிர்ப்பு வந்தது. கேட்டு, எண்ணிப்பார்த்து, கூட்டம் போட்டு, கையெழுத்திட்டு ஒதுக்கிய ஒன்றை ‘கவனிக்கப்படாதது’ என்று சொல்வது, ஒதுக்கியவர்களுக்கு நாம் கொடுக்கும் நற்சான்றிதழ். கவனக்குறைவு மன்னிக்கக்கூடிய குற்றம் அல்லவா?

இங்கே ஒரு மறுப்பு எழலாம். எல்லா வேண்டுகோளுக்கும் எல்லாரும் இணங்கியாக வேண்டுமா என்ன? ஆட்சியில் இருப்பவரிடம் ஒரே நாளில் நூறு பேர் நூறு விதமாகச் சொல்வார்கள். உண்மைதான். இணங்காமை தவறு என்று நான் சொல்லவில்லை. என் எதிர்பார்ப்பு அதைவிடச் சிறியது. மறுத்தால் மறுத்தேன் என்று எழுதுங்கள், மறந்தால் மறந்தேன் என்று எழுதுங்கள், பார்க்கவேயில்லை என்றால் அதையும் எழுதுங்கள். மூன்றும் மூன்று வினைகள். அவற்றை ஒரே பெயரடைக்குள் திணிக்கும்போது மூன்று பேரும் ஒரே கதவு வழியாக வெளியே போய்விடுகிறார்கள். மொழிபெயர்ப்பாளர் என்ற முறையில் என் தீர்மானம் இதுதான்: மூலத்தில் ‘அன்ஹீடட்’ வரும் இடத்தில், கேளாதவர் யாரென்று முன்னும் பின்னும் தேடுவேன், கிடைத்தால் அவரை எழுவாயாக்கி விடுவேன். கிடைக்காவிட்டால் ‘யாரும் கேட்கவில்லை’ என்று எழுதுவேன். ‘யாரும்’ என்பதும் ஓர் எழுவாய்தான். தன்னையும் சேர்த்துத்தான் சொல்கிறார்களோ என்று வாசகர் ஒரு நொடி திரும்பிப் பார்க்கவாவது அது இடம் கொடுக்கும். மூலத்துக்குத் துரோகம் என்று சில நண்பர்கள் சொல்கிறார்கள். இருக்கலாம்.

மனுவைத் திருத்தினேன். உண்மையில் கிழித்துப்போட்டு விட்டுத் தமிழிலேயே எழுதினேன். பெரியவர் உட்கார்ந்து சொல்ல, அவர் பேத்தி பழைய ரசீதுகளைத் தேடி எடுத்துக் கொடுத்தாள். நான்கில் மூன்று கிடைத்தன. இன்ன தேதியில் இன்ன மனு கொடுத்தோம், இன்ன பொறுப்பிலிருந்தவர் பெற்றுக்கொண்டு முத்திரை வைத்தார், நாளது வரை பதில் எழுதவில்லை. பிறகு அடுத்த தேதி. பிறகு அடுத்தது. ‘கவனிக்கப்படாத’ என்ற சொல் எங்கும் இல்லை. ‘எழுதவில்லை’ என்ற சொல் நான்கு இடத்தில் இருக்கிறது. கிடைக்காத ரசீதுக்கும் ஒரு வரி விட்டு, அது கரையானுக்குப் போனதை ஒளிக்காமல் எழுதினோம். கம்பீரம் போய்விட்டது. கணக்குப் புத்தகம் போல ஆகிவிட்டது. படித்துக் காட்டியபோது பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. முதல் தேதியை மட்டும் இன்னொருமுறை படிக்கச் சொன்னார். அந்த மனுவை எழுதிய அவருடைய மகன் இப்போது இல்லை என்று பேத்தி பிற்பாடு சொன்னாள்.

கொடுக்கப் போனபோது வாங்கியவர் படித்துப் பார்த்து, “இப்படிப் பேரெல்லாம் போட்டு எழுதாதீங்க, பொதுவா எழுதிக் கொடுங்க” என்றார். நல்ல மனிதர், எங்களுக்கு உதவுவதாகவே நினைத்துச் சொன்னார். நாங்கள் மாற்றவில்லை. முத்திரை வைத்துக் கொடுத்தார். கூடவே, பழைய மனுக்கள் யார் மேசையில் இருக்கின்றன, அவற்றின்மீது என்ன நடவடிக்கை எடுத்தார்கள் என்று 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி தனியாக ஒரு விண்ணப்பமும் கொடுத்தோம். அந்தச் சட்டம் பதிலுக்கு முப்பது நாள் கெடு வைத்திருக்கிறது.

நான் இதை எழுதும் இன்று இருபத்திரண்டாவது நாள். காலையில் பெரியவரின் பேத்தி தொலைபேசியில் அழைத்தாள். தபால்காரர் வரும் நேரத்துக்குத் தாத்தா சாவடியில் போய் உட்கார்ந்துகொள்கிறாராம். ரசீது அவர் சட்டைப் பையில்தான் இருக்கிறதாம்.